இடது கண்ணுக்கு ஒரு துருசு

இரண்டு வருடங்களுக்கு முன், சிறுபோக நெல் வெட்டி முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடந்த ஓர் ஆவணி மாதத்தில், நெடுங்கேணிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் குடியேற்றக் கிராமத்தில் நடந்த சங்கதி இது. இதில் முக்கியமான பாத்திரம் என் இடது கண். நான் அதோடு கூடப் போய்வந்தவன், அவ்வளவுதான்.

அந்தக் கண் நான் பிறந்த நாள் முதல் ஒழுகிக்கொண்டிருந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை, பார்வையில் ஒரு குறையும் இல்லை. கீழ் இமையின் விளிம்பில் எந்நேரமும் ஒரு துளி திரண்டு நிற்கும். சோளகக் காற்று அடித்தால் வழியும். வெயில் பட்டால் வழியும். ஒன்றுமே இல்லாவிட்டாலும், எதற்கும் இருக்கட்டும் என்று வழியும். வலது கண்ணோ இந்த விவகாரத்தில் தனக்குப் பங்கில்லை என்பதுபோல் உலர்ந்து கிடக்கும். சின்ன வயதில் அம்மா நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு விட்டுப் பார்த்தார். அதற்கும் முன்னால், யாரோ சொன்னதைக் கேட்டுத் தாய்ப்பால் விட்டுப் பார்த்தார்களாம். பிறகு சண்டை வந்தது. இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம், மறுபடியும் இடம்பெயர்ந்தோம். ஊரே அழுதுகொண்டிருந்த காலத்தில் ஒற்றைக் கண்ணால் அழுகிறவனை யார் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போவார்கள்?

எல்லாம் ஓய்ந்த பிறகு நானாகப் போயிருக்கலாம்தான். ஆனால் அதற்குள் அது மூக்கைப்போல, காதைப்போல என் முகத்தில் ஓர் உறுப்பாகிவிட்டது. நீர்ப்பாசன அறிக்கைகளைக் கண்ணீர் மல்கப் படித்த ஒரே உத்தியோகத்தன் நான்தான். கலியாண வீடுகளில் தாலி கட்டுகிற நேரம் என் பக்கம் திரும்புகிற பெண்வீட்டுக்காரர்கள் சற்றுக் கலவரப்படுவார்கள். நான் பகிடி சொன்னாலும் சனம் முதலில் என் கண்ணைப் பார்க்கும், பிறகு சிரிக்கலாமா என்று யோசிக்கும்.

என் வேலை குளங்களோடு. எந்தக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, துருசை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். துருசு என்றால், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், குளக்கட்டின் அடியிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற மதகு. துருசு அடைபட்டுப் போனால் குளத்துத் தண்ணீருக்கு மேலால் வழிவதைத் தவிர வேறு போக்கில்லை. இந்த உண்மையை நான் கமக்காரருக்குப் பல வருடங்களாகப் படம் கீறி விளக்கிவந்தேன். விளக்குகையில் இடது கண் வழிந்துகொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

இனி செத்தவீட்டுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் பெட்டியை எடுப்பதற்கு முன் பந்தலுக்குக் கீழே அஞ்சலி உரைகள் நடக்கும். கொஞ்சம் புத்தகம் வாசிக்கிற ஆள் என்று என்னையும் பேசக் கூப்பிடத் தொடங்கினார்கள். நான் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசுவேன். இடது கண் தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யும். சனம் உருகிப்போகும். ஒருமுறை, அலுவலகத்தின் சார்பில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கியபோது, இறந்தவரின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பாவோட நீங்கள் எங்கை இப்பிடிப் பழகினியள்?” என்று விம்மினார். அந்த மனிதரை நான் முதன்முதலாகப் பார்த்ததே அன்றைக்குத்தான், அதுவும் பெட்டிக்குள்.

இப்படியாக என் பெயர் பரவியது. நான் பேசாத செத்தவீடு ஒரு மாதிரிக் குறைப்பட்ட செத்தவீடு என்று ஆனது. முப்பத்தோராம் நாள் வெளியிடுகிற கல்வெட்டு என்ற நினைவு மலரையும் என்னைக் கொண்டே எழுதுவித்தார்கள். என் பேச்சைப் பாராட்டிய எவரும் என் பேச்சைக் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லாரும் என் கண்ணைத்தான் பாராட்டினார்கள்.

இந்த மோசடியை ஆரம்பத்திலிருந்தே அறிந்திருந்தவன் ஒருவன் உண்டு. அவன் என் சிநேகிதன். எங்கள் இரண்டு பேரின் தகப்பன்மாரும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே நேரத்தில் காணி கிடைத்து இங்கே வந்து காடு வெட்டியவர்கள். நாங்கள் ஒரே வாய்க்காலில் குளித்து வளர்ந்தோம். நான் குளத்துப் பக்கம் உத்தியோகத்துக்குப் போனேன். அவன் வயலுக்குப் போய், கடைசியில் கமக்கார அமைப்புக்குத் தலைவனானான். அதாவது தண்ணீர் கொடுக்கிற பக்கத்தில் நான், கேட்கிற பக்கத்தில் அவன். இந்த ஏற்பாட்டில் சிநேகிதம் அத்தனை காலம் தாக்குப்பிடித்ததே பெரிய காரியம்.

அந்த வருடம் மாரி மழை ஏமாற்றிவிட்டது. சிறுபோகக் கூட்டத்தில், குளத்திலிருக்கும் தண்ணீருக்குப் பாதி வயல்தான் விதைக்கலாம் என்று நான் சொன்னேன். அவன் முக்கால்வாசி கேட்டான். நான் கணக்குக் காட்டினேன். அவன் எழும்பி நின்று சபையைப் பார்த்துச் சொன்னான்:

“இந்த மனிசன் கண்ணால மட்டும் மறிப்பில்லாமல் தண்ணி விடுவார். குளத்தால விடத்தான் கை வராது.”

பாடசாலை மண்டபம் கூரை கிளம்பச் சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்க வேண்டும். மற்றவர்களைப் பகிடி பண்ணியே காலத்தை ஓட்டுகிறவனுக்குத் தன்மேல் விழுகிற ஒரேயொரு பகிடியைத் தாங்க முடியாது என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். கணக்குக் கோப்பை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். கண் வழிந்தது. இந்த முறை அது காற்றுக்குத்தான் வழிந்தது என்று சொல்ல எனக்கே நம்பிக்கை இல்லை.

அதன்பிறகு நாங்கள் கதைக்கவில்லை. ஒரே தேத்தண்ணிக் கடையில் ஆளுக்கொரு பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தோம். கோயில் திருவிழாவில் அவன் தேரின் வலப்பக்க வடத்தைப் பிடித்தால் நான் இடப்பக்கம் போனேன். ஊர் முழுக்க இது தெரியும். அவனுடைய மனைவி, என்னை அண்ணை என்று கூப்பிடுகிறவர், “போய் ஒரு வார்த்தை கதையுங்கோ” என்று அவனிடம் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார் என்று என் மனைவி மூலம் கேள்விப்பட்டேன். தன் உயிர் உள்ள மட்டும் என் படலையைத் திறக்கமாட்டேன் என்று அவன் சொன்னானாம். அதே வசனத்தை நானும் என் வீட்டில் சொல்லியிருந்தேன்.

சிறுபோகம் வெட்டி முடிந்த பிறகு ஒருநாள் காலை. என் மனைவி, பிரசவத்துக்குக் காத்திருந்த மகளோடு முல்லைத்தீவில் நின்றாள். நான் குசினியில் தனியாகத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம். எட்டிப் பார்த்தால் அவன். இறங்கவில்லை, இயந்திரத்தையும் நிறுத்தவில்லை.

“ஏறு.”

“எங்கை?”

“வவுனியாவுக்கு. உன்ர கண்ணைக் காட்டுறதுக்கு. நம்பர் போட்டு வைச்சிருக்கிறன்.”

“என்ர கண்ணுக்கு என்ன?”

“அதைத்தான் கேக்கப் போறம். ஏறு மச்சான், வெயிலுக்கு முன்னம் போகோணும்.”

நாலைந்து மாதக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், அடுப்பை நூர்த்துவிட்டு ஏறினேன்.

வழியில், காற்றுக்கு மேலால் கத்திக் கத்தி அவன் விஷயத்தைச் சொன்னான். அவனுடைய பெறாமகளின், அதாவது தமையன் மகளின், கைக்குழந்தைக்கு ஒரு கண் ஒழுகி, பீளை கட்டியதாம். இவன்தான் வவுனியாவுக்குக் கூட்டிப் போனானாம். சில பிள்ளைகளுக்குக் கண்ணீர் போகிற வழி பிறக்கும்போதே அடைபட்டிருக்கும், மூக்கோரம் விரலால் மெல்ல அழுத்தித் தடவிவந்தால் பெரும்பாலும் தானாகத் திறந்துவிடும் என்று டொக்டர் சொன்னாராம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவன், “மிஸ், இது ஐம்பது வயசுப் பிள்ளையளுக்கும் இருக்குமோ?” என்று கேட்டிருக்கிறான். டொக்டர் சிரித்துவிட்டு, அந்தப் பிள்ளையையும் ஒருக்கால் கொண்டுவாருங்கோ என்றாராம்.

கூட்டத்தில் சொன்னதற்கு மன்னித்துக்கொள் என்று அவன் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. புளியங்குளம் வரைக்கும் என் கை அவன் தோளில் இருந்ததை மட்டும் இருவரும் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டோம்.

கிளினிக்கில் உட்காருகிற வாங்கு நிறையத் தாய்மாரும் குழந்தைகளும். அவர்களுக்கு நடுவில் நரைத்த தலையோடு நான். என் பெயரைக் கூப்பிட்டதும் இளம்பெண்ணான அந்த டொக்டர் நிமிர்ந்து பார்த்து, “நீங்கள்தானோ அந்த ஐம்பது வயசுப் பிள்ளை?” என்றார். நாடியையும் நெற்றியையும் ஒரு கருவியில் பொருத்தி உட்காரச் சொல்லி, வெளிச்சம் அடித்து, இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார்.

அவர் சொன்னதன் சாரம் இது. ஒவ்வொரு கண்ணிலும் மேல் இமையிலும் கீழ் இமையிலும், மூக்குப் பக்க மூலையில் ஊசி முனையளவு துளை ஒன்று இருக்கும். கண்ணை நனைத்து முடித்த கண்ணீர் அந்தத் துளைகளால் இறங்கி, மெல்லிய குழாய் வழியே மூக்குக்குள் போய்விடும். என் இடது கண்ணில் அந்தத் துளைகள் பிறவியிலேயே திறக்கவில்லை. மேலே ஒரு மெல்லிய தோல் மூடியிருக்கிறது. சிலருக்கு உள்ளே குழாயும் இருக்காதாம், அப்படியென்றால் பெரிய சத்திரசிகிச்சை வேண்டுமாம். எனக்குக் குழாய் இருக்கும்போலத் தெரிகிறது, மூடியைத் திறந்தால் போதும் என்றார்.

என் பின்னால் நின்றவன்தான் பேசினான். “அப்ப டொக்டர், துருசுக்குப் பொறுப்பான ஆளுக்கே துருசில்லை எண்டுறியள்.”

டொக்டருக்குத் துருசு விளங்கவில்லை. அவன் விளங்கப்படுத்தினான், நான் படம் கீறுகிற அதே பாணியில். பிறகு சிரிக்கத் தொடங்கினான். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவனுக்கு இரண்டு கண்ணிலும் வந்தது.

கதிரையில் என்னைச் சாய்த்து, விறைக்கிற மருந்து விட்டு, ஊசி போன்ற ஏதோ ஒன்றால் டொக்டர் அந்தத் தோலைத் திறந்தார். ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட எடுக்கவில்லை. அரை நூற்றாண்டாக நான் முகத்தில் சுமந்த சோகம் குண்டூசித் தலையளவுத் தோல். பிறகு அந்தத் துளைக்குள் உப்புத் தண்ணீரை மெல்லச் செலுத்தி, “தொண்டையில உப்புக் கரிக்குதோ, ஐயா?” என்று கேட்டார்.

“ஓம்.”

“அப்ப வழி சரி. இனி உங்கட கண்ணீர் இந்த வழியாலதான் இறங்கும். மூக்கால வரும், தொண்டைக்கும் வரும்.”

நான் தலையாட்டினேன். எனக்கு விளங்கியது என்றுதான் நினைத்தேன்.

திரும்புகிற வழியில் புளியங்குளம் சந்தியில் தேத்தண்ணி குடித்தோம். எதிர்க்காற்றில் அவ்வளவு தூரம் வந்தும் என் இடது கன்னம் காய்ந்திருந்தது. விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். தினம் படலையில் வந்து நின்ற கடன்காரன் ஊரைவிட்டுப் போன மாதிரி ஒரு நிம்மதி, கொஞ்சம் வெறிச்சென்றும் இருந்தது.

“இனி ஊரில சாகிற ஆக்களின்ர பாடுதான் கஷ்டம்,” என்றான் அவன். பிறகு குரலைத் தாழ்த்தி, “மச்சான், பம்புக்கு ஒரு சாமான் வாங்கப் போறனெண்டுதான் வீட்டில சொல்லிப்போட்டு வந்தனான். உன்னட்டை நானாப் போனது தெரிஞ்சால் மனிசி சிரிச்சே என்னைக் கொல்லுவா. நீ இப்ப ஒருத்தருக்கும் சொல்லாதை. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட வா. வாசலில உன்னைக் கண்டு ஆள் முழிக்கோணும்.”

நானும் சம்மதித்தேன். என் மனைவிக்கும் தொலைபேசியில் சொல்லவில்லை. வரும்போது அவளாகவே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வர முன்னமே அவன் போய்விட்டான். விடியற்காலை தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனவன், நெஞ்சைப் பொத்திக்கொண்டு வரம்பில் குந்தினானாம். எழும்பவேயில்லை. பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம்.

செத்தவீட்டில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கூப்பிடத்தான் வேண்டும், வழக்கம் அது. ஆனால் கூப்பிட்ட குரலில் ஒரு தயக்கம் இருந்தது. நான் ஒலிவாங்கியைப் பிடித்தபோது பந்தல் முழுவதும் என் இடது கண்ணைப் பார்த்தது. அவனுடைய மனைவியும் பெட்டியின் தலைமாட்டிலிருந்து பார்த்தார்.

கண் காய்ந்து கிடந்தது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் குலுங்கி அழுகிற பிறவி இல்லை. எந்தத் துக்கமும் எனக்கு நெஞ்சடியில் வந்து நின்றுவிடும், கண்ணுக்கு வருவது கொஞ்சம்தான். வலது கண் ஒருநாளும் சபையில் வழிந்ததில்லை. ஊர் பார்த்ததெல்லாம் இடதின் கைவண்ணத்தை. இப்போது அதுவும் வலதோடு சேர்ந்துவிட்டது. நான் அவனைப் பற்றிப் பேசினேன். வாய்க்காலில் நீந்தியதைப் பற்றி, காடு வெட்டிய தகப்பன்மாரைப் பற்றி. தொண்டையில் ஏதோ கரித்தது. மூக்கு ஒழுகியது. இந்த நேரம் பார்த்துத் தடிமன் பிடித்துவிட்டதே என்று சங்கடப்பட்டு, இரண்டு வசனத்துக்கொரு தரம் லேஞ்சியை எடுத்து மூக்கைச் சீறினேன். வழக்கத்தில் பாதிகூடப் பேசாமல் இறங்கினேன். ஒருவரும் என் கையைப் பிடிக்கவில்லை.

“அவரும் மனிசன்தானே. அந்தக் கூட்டத்துக் கதையை லேசில மறப்பரோ?” என்று பின்னால் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. என் சார்பில் பேசியவரே அவர் ஒருவர்தான்.

சுடலையிலிருந்து வந்து முழுகிவிட்டுக் கதிரையில் இருந்தேன். செத்தவீட்டுக்கென்று முல்லைத்தீவிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த மனைவி மல்லித்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், தடிமனுக்கு. வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

“இஞ்சாருங்கோ, முன்னப்பின்ன தெரியாத சனத்துக்கெல்லாம் அழுதியள். அந்தாளுக்கு ஒரு சொட்டு விடக் கூடாதோ?”

நான் நடந்ததைச் சொன்னேன். “உது கண்டறியாத கதையாக் கிடக்கு,” என்று என் இமையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கன்னத்தையும் தடவிப் பார்த்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து ஈரமாகவே இருந்த கன்னம். மெல்லப் பக்கத்தில் இருந்தாள்.

“அந்தாளின்ர மனிசி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு ஒண்டைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னவா. ‘அவர் அண்ணையோட கதைக்காமலே போட்டார் அக்கா. அண்ணையின்ர முகத்தைப் பாக்க விளங்குது, ரெண்டு பேரும் கோவத்தோடதான் பிரிஞ்சிருக்கினம்’ எண்டு. நீங்களே போய் நடந்ததைச் சொல்லுங்கோ.”

சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது? ‘தங்கச்சி, எனக்குக் கண்ணில் துளை போட்டுவிட்டார்கள், அதனால்தான் உங்கள் புருஷனுக்கு அழவில்லை.’ இதைக் கேட்டு யார் நம்புவார்கள்? தெரிந்திருந்த ஒரே சாட்சியைத்தான் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்திருக்கிறோம். கிளினிக் அட்டையைக் கொண்டுபோங்கோ என்று மனைவி யோசனை சொன்னாள். அழாமல் இருந்ததற்கு மருத்துவச் சான்றிதழோடு போன முதல் மனிதன் என்ற பெயரும் எனக்குத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு நாளும் படலை வரை போனேன், திரும்பினேன். அதற்கிடையில் அவனுடைய கல்வெட்டை எழுத பாடசாலை வாத்தியார் ஒருவரிடம் சொல்லிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. நியாயம்தான். அழாதவன் எழுதுவதில் என்ன இருக்கும்?

எட்டுச் செலவுக்கு முதல்நாள் பின்னேரம் போனேன். இறந்தவருக்குப் பிடித்த சாப்பாடெல்லாம் சமைத்துப் படைக்கிற சடங்கு அது. முற்றத்தில் பெண்கள் மரக்கறி திருத்திக்கொண்டிருந்தார்கள். அவனுடைய மூத்த மகன் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டான், இருங்கோ என்று சொல்லாமல். அவன் மனைவி வாசற்படியில் வந்து இருந்தார்.

நான் பீடிகை போடத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

“அண்ணை, ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. உங்களுக்கு அவரில இன்னும் கோவமோ?”

“இல்லை, தங்கச்சி. சத்தியமா இல்லை. அவன்தான் என்னை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனவன்.”

முழுக்கதையையும் சொன்னேன். குழந்தைகள் நிறைந்த வாங்கு, இமையில் தோல், துருசுப் பகிடி, புளியங்குளத்துத் தேத்தண்ணி, வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. மரக்கறி வெட்டுகிற சத்தம் நின்றுபோயிற்று.

“மாமா, பகிடி விடுற இடமோ இது?” என்றான் மகன். “கண்ணில துளை போட்டால் அழுகை நிக்குமோ?”

“நீயே பார், தம்பி.”

அவன் சந்தேகத்தோடு போன் வெளிச்சத்தை அடித்தான். நான் கீழ் இமையை இழுத்துக் காட்டினேன். மூக்கோர மூலையில் சின்னத் துளை. “இது எல்லாருக்கும் இருக்கிறதுதானோ?” என்று கேட்டுவிட்டு, தன் சித்தியின் இமையை இழுத்துப் பார்த்தான். அங்கேயும் ஒன்று. சித்தி பக்கத்தில் இருந்தவரின் இமையை இழுத்தார். கொஞ்ச நேரத்தில் முற்றம் முழுக்க ஒருவர் கண்ணை ஒருவர் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “உனக்கு ரெண்டு கண்ணிலயும் கிடக்கடி.” “உங்களுக்கு மேலேயும் ஒண்டு இருக்கு மாமி.” எட்டுச் செலவு வீட்டில் அப்படியொரு காட்சியை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அவன் இருந்திருந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பான்.

அவன் மனைவி மட்டும் அசையாமல் இருந்தார். “அப்ப உங்கட கண்ணீர் இப்ப எங்கை போகுது?”

“மூக்குக்குள்ள போகுமாம். தொண்டைக்கும் வரும் எண்டு டொக்டர்...”

சொல்லி முடிக்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்கள் கதைச்ச நேரம் உங்கட கண்ணைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான், அண்ணை. அதில ஒண்டுமில்லை. நீங்கள் ஓயாமல் மூக்கைச் சீறிக்கொண்டு நிண்டியள். தடிமனோட வந்து கடமைக்குக் கதைக்கிறார் எண்டு நினைச்சிட்டன்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தொண்டையில் உப்புக் கரித்தது. மூக்கு நனைந்தது. கிளினிக்கில் கரித்த அதே உப்பு. மனைவியின் மல்லித்தண்ணியைக் குடித்து மறுநாளே மாறிவிட்டது என்று நான் நம்பிய தடிமன். தண்ணீர் எங்கே போகும் என்று ஊருக்கெல்லாம் படம் கீறிக் காட்டியவன், என் சிநேகிதனுக்காக நான் அழுததை அவன் மனைவி சொல்லித்தான் அறிந்தேன்.

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “போகேக்க அவர் உங்களோட கதைச்சவரோ?”

“போகேக்கயும் கதைச்சவன். வரேக்கயும் கதைச்சவன்.”

“சிரிச்சவரோ?”

“சுவரைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சவன்.”

நனைந்த தலைப்பை மடியில் விரித்து நீவினார். பிறகு சொன்னார், “பம்பு நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சாமான் வாங்கப் போறன் எண்டேக்கையே யோசிச்சனான், இந்தாள் பொய் சொல்லுதெண்டு.” சொல்லும்போது முகத்தில் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணீரும் வந்தது, இரண்டு கண்ணிலும். “நாளைக்கு வாங்கோ அண்ணை. அவர் கூப்பிட்ட சாப்பாடு.”

மறுநாள் போனேன். அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கைக்காயும் படைத்திருந்தார்கள். மகன்தான் எனக்குப் பரிமாறினான். இரண்டாம் வாய் வைக்கையில் மூக்கு ஒழுகத் தொடங்கியது. லேஞ்சியை எடுத்தேன். குழம்பு கொஞ்சம் உறைப்பு என்று சொன்னேன். மகன் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தான். ஒருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

செத்தவீடுகளில் இப்போதும் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். முன்னளவுக்கு இல்லை. பேசியது நல்லாயிருந்தது என்று இப்போது யாராவது சொன்னால், பேச்சைத்தான் சொல்கிறார்கள் என்று நம்ப முடிகிறது. கூட்டத்தில் கண் உலர்ந்து நிற்கிற ஒருவரைக் கண்டால் மற்றவர்கள் காதோடு காதாகக் கதைக்கிறார்கள். நான் அதில் சேர்வதில்லை, அவர் லேஞ்சியை எடுக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எடுக்காவிட்டாலும், அந்த மனிதருக்குள் எந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறதோ, நமக்கென்ன தெரியும் என்று பேசாமல் வீடு திரும்புகிறேன்.